வாசகர் கேட்டவை: லாம்டா என்னும் அடையாளம்

கேள்வி: பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். அலைநீளத்தைக் குறிக்க நாம் எழுதும் லாம்டா, 1970களின் நியூயார்க் ஊர்வலப் படம் ஒன்றில் பதாகை நிறையப் பெரிதாக வரையப்பட்டிருந்ததை ஒரு மாணவன் கைப்பேசியில் காட்டி, "இவங்க எல்லாம் பிசிக்ஸ் படிச்சவங்களா சார்?" என்று கேட்டான். தன்பாலீர்ப்பாளர்களின் உரிமை ஊர்வலம் என்று படத்தின் கீழே எழுதியிருந்தது. கிரேக்க எழுத்துக்கும் அந்த உரிமைக்கும் என்ன தொடர்பு?
— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் மாணவன் கேலியாகக் கேட்டிருக்கலாம், ஆனால் விடைக்கு மிக அருகில் வந்துவிட்டான். 1969 ஜூன் 28 அதிகாலையில், நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியிலிருந்த ஸ்டோன்வால் இன் என்ற மதுக்கூடத்தில் போலீஸார் சோதனைக்குப் புகுந்தபோது, அங்கிருந்த தன்பாலீர்ப்பாளர்களும் திருநங்கையரும் வழக்கம்போலத் தலைகுனிந்து கலைந்து போகாமல் எதிர்த்து நின்றார்கள். அந்த எதிர்ப்பின் சூட்டில் பிறந்த அமைப்புகளுள் ஒன்று, அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்ட கே ஆக்டிவிஸ்ட்ஸ் அலையன்ஸ். வியட்நாம் போர், இனவாதம், முதலாளித்துவம் என்று எல்லாப் போராட்டங்களிலும் கைகோத்து நின்ற முந்தைய அமைப்பிலிருந்து விலகி, தன்பாலீர்ப்பாளர் உரிமை என்ற ஒன்றை மட்டுமே கையிலெடுத்தவர்கள் இவர்கள். நகர மேயர் பேசும் கூட்டமானாலும் அவர் போகும் விழாவானாலும் அங்கே திடீரென்று எழுந்து நின்று கேள்வி கேட்பது இவர்களுடைய வழக்கம்.

இந்த அமைப்பின் உறுப்பினரும் வரைகலைஞருமான டாம் டோயர் என்பவர்தான் 1970இல் லாம்டாவை அமைப்பின் சின்னமாகத் தேர்ந்தெடுத்தார். வேதியியலிலும் இயற்பியலிலும் இந்த எழுத்து ஆற்றலின் முழுமையான பரிமாற்றத்தைக் குறிக்கிறது என்று அமைப்பின் துண்டறிக்கை காரணம் சொன்னது. நீங்கள் இதைப் படித்ததும் புருவத்தை உயர்த்துவீர்கள் என்று அறிவேன். பாடநூலில் லாம்டா என்பது அலைநீளம். கதிரியக்கப் பாடத்துக்கு வந்தால் சிதைவு மாறிலி. நிலைமின்னியலில் மின்னூட்ட நீள் அடர்த்தி. 'முழுமையான ஆற்றல் பரிமாற்றம்' என்று எழுதும் மாணவனுக்கு நீங்கள் மதிப்பெண் தர மாட்டீர்கள். ஆனால் ஓய்ந்து கிடந்த ஒரு கூட்டம் செயலில் இறங்கிய நேரத்தில், அறிவியலின் சாயல் கொண்ட அந்தச் சொற்றொடர் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. சின்னங்களுக்கு அளவுகோல் அறிவியல் துல்லியம் அன்று என்பதே என் எண்ணம்.

அந்த எழுத்தில் வேறொரு வசதியும் இருந்தது. அப்போது இல்லினாய் நீங்கலாகக் கிட்டத்தட்ட அமெரிக்கா முழுவதிலும் தன்பாலுறவு சட்டப்படி குற்றம்; விவரம் வெளியே தெரிந்தால் வேலையும் வாடகை வீடும் போய்விடும். அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர் சங்கங்கள் கிரேக்க எழுத்துகளையே பெயராக வைத்துக்கொள்வதால், சட்டையில் லாம்டா அணிந்து தெருவில் போகிறவரை ஏதோ கல்லூரிச் சங்கத்துப் பையன் என்றுதான் ஊரார் நினைத்தார்கள். சலவைக்குப் போகும் துணியின் மூலையில் சேராங்கொட்டை மையால் இட்ட குறி, இன்ன வீட்டுத் துணி என்பதைத் துவைப்பவருக்கு மட்டும் சொல்லிவிட்டு மற்றவர் கண்ணுக்கு வெறும் கறையாகவே தெரியுமே, அது போன்றதொரு வேலையை இந்த எழுத்து செய்தது. வரைவதும் எளிது: இடமிருந்து வலமாகச் சாய்ந்திறங்கும் ஒரு நீண்ட கோடு, அதன் நடுவிலிருந்து இடப்புறம் இறங்கும் ஒரு குட்டைக் கோடு, அவ்வளவுதான். சுவரில் எழுதிவிட்டு ஓட இரண்டு இழுப்புப் போதும்.

1971இல் அமைப்பினர் நியூயார்க்கின் சோஹோ பகுதியில் பழைய தீயணைப்பு நிலையம் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தங்கள் கூடமாக்கினார்கள். தீயணைப்பு வண்டி நின்ற அந்தக் கட்டடத்தையே 1974 அக்டோபரில் யாரோ கொளுத்திவிட்டார்கள். அதற்கு இரண்டு மாதங்கள் கழித்து, அந்த ஆண்டு டிசம்பரில், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் கூடிய பன்னாட்டு மாநாடு லாம்டாவை உலகளாவிய சின்னமாக ஏற்றுக்கொண்டது.

கேள்வி: ஸ்பார்ட்டா நாட்டு வீரர்கள் கேடயத்தில் லாம்டா பொறித்திருந்தார்கள் என்றும், அவர்களிடம் ஆண் காதலர்கள் மட்டுமே கொண்ட படை ஒன்று இருந்ததால்தான் இந்தச் சின்னம் வந்தது என்றும் நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?
— வாசகர், இராயபுரம்

பதில்: உங்கள் நண்பர் இரண்டு ஊர்க் கதைகளை ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கிறார். கேடயச் செய்தி உண்மைதான். ஸ்பார்ட்டாவின் நாட்டுப் பெயர் லாக்கடைமோன். அதன் முதலெழுத்தான பெரிய லாம்டாவை அவர்கள் கேடயத்தில் வரைந்திருந்ததைக் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் நகைச்சுவை நாடகக் கவி யூப்போலிஸின் எஞ்சிய வரி ஒன்று சுட்டுகிறது. காதலர் படை என்று புகழ்பெற்றதோ தீப்ஸ் நகரத்தின் புனிதப் படை. தீப்ஸின் தளபதி கோர்கிடாஸ் அமைத்த அதில் 300 பேர், அதாவது 150 இணைகள் இருந்ததாக மரபு. காதலருக்கு முன்னால் கோழையாகத் தெரிய எவனும் விரும்ப மாட்டான் என்பது அதன் பின்னிருந்த கணக்கு என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெலோபிடாஸின் தலைமையில் அந்தப் படை கி.மு. 371இல் லியூக்ட்ரா களத்தில் முறியடித்தது ஸ்பார்ட்டாவைத்தான். லாம்டா தாங்கிய கேடயங்கள் அன்று எதிரணியில் இருந்தன. தீப்ஸ்காரர்களின் கேடயக் குறி ஹெராக்ளிஸின் கதாயுதம். கி.மு. 338இல் கைரோனியாவில் மக்கதோனியத்துப் பிலிப்பின் படையிடம் அவர்கள் பின்வாங்காமல் நின்று மாண்டார்கள். அக்களத்தில் நிற்கும் கற்சிங்கத்தின் கீழே பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோண்டியபோது, வரிசையாகக் கிடத்தப்பட்ட 254 எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவை இந்த வீரர்களுடையவையே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

டோயர் சின்னத்தைத் தேர்ந்தபோது தரப்பட்ட விளக்கத்தில் ஸ்பார்ட்டாவும் இல்லை, தீப்ஸும் இல்லை. எழுத்து கிரேக்கம் என்பதால் கிரேக்கப் பெருமையைப் பின்னால் வந்தவர்கள் அதன்மேல் ஏற்றினார்கள். ஊர்ப் பெயருக்கெல்லாம் தலபுராணம் எழுதிப் பழகிய நமக்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை.

கேள்வி: 'விடுதலை' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துத்தான் லாம்டா என்கிறார்களே?
— வாசகி, காசிமேடு

பதில்: அதுவும் பின்னால் முளைத்த விளக்கமே. நீதியின் தராசு என்பாரும் உண்டு.

கேள்வி: எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கிறேன். ஜூன் மாதம் வந்தால் கல்லூரிப் பிள்ளைகள் ஆறு வண்ணத் துணி கேட்டு வருகிறார்கள். லாம்டாவை யாரும் கேட்டதில்லை. அந்தச் சின்னம் என்ன ஆயிற்று?
— வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: உங்கள் கல்லாப்பெட்டிக்கு நல்லது செய்தவர் கில்பர்ட் பேக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1978 ஜூன் 25 அன்று சான் பிரான்சிஸ்கோ ஊர்வலத்தில் அவரும் தோழர்களும் கையால் சாயம் தோய்த்துத் தைத்த வானவில் கொடி முதன்முதலாகப் பறந்தது. அதில் எட்டுப் பட்டைகள். கொடிக்குக் கிராக்கி பெருகியபோது அடர் இளஞ்சிவப்புத் துணி போதிய அளவு கிடைக்காமல் அந்தப் பட்டை கழிந்தது. பிறகு நீலப்பச்சையும் நீங்கி ஆறாயிற்று. சரக்கு வரத்து ஒரு கொடியின் வண்ணத்தைத் தீர்மானிக்கும் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அறிந்தவர் மட்டும் அறிய வேண்டிய காலத்துக்கு லாம்டா பொருந்தியது. தெருவே பார்க்கட்டும் என்று ஊர்வலம் போன காலத்துக்குக் கொடி தேவைப்பட்டது. சென்னையின் முதல் வானவில் பேரணி 2009இல் நடந்தபோது கொடிக்கு 31 வயது ஆகியிருந்ததால், லாம்டா இங்கே கால் வைக்கவே வாய்ப்பில்லாமல் போயிற்று.

இருந்தாலும் அது அழிந்துவிடவில்லை. நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்களுக்காக வழக்காட ஒரு சட்ட உதவி அமைப்பைப் பதிவு செய்ய முயன்றபோது, அதன் நோக்கம் அறப்பணியும் அன்று, பொது நன்மையும் அன்று என்று கூறி 1972இல் நீதிமன்றம் அனுமதி மறுத்தது. ஆகவே பிறருக்காக வாதாட வந்த அமைப்பு, பிறப்பதற்கு முன்பே தனக்காக மேல்முறையீடு செய்து 1973இல் வென்றது. லாம்டா லீகல் என்ற அந்த அமைப்புத்தான், தன்பாலுறவைக் குற்றமாக்கிய டெக்சாஸ் சட்டத்தை 2003இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கிய வழக்கை நடத்தியது. 1989 முதல் வழங்கப்படும் லாம்டா இலக்கிய விருதுகளிலும் அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகளின் பையில் லாம்டா பொறித்த பேட்ஜ் குத்தியிருக்கிறது. இணையத்தில் தேடிப் பார்த்ததிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. டாக்டரிடம் அழைத்துப் போகலாமா என்கிறார் என் நாத்தனார். இதனால் போலீஸ் தொல்லை வருமா?
— வாசகி, பெரம்பூர்

பதில்: அம்மா, முதலில் பேட்ஜைப் பற்றி. கணினி படிப்பவர்களிடையே லாம்டா மிகப் பழகிய குறி. அலோன்சோ சர்ச் 1930களில் வகுத்த லாம்டா கணிதத்திலிருந்து அது நிரல் மொழிகளுக்குள் வந்தது. 1998இல் வெளியான ஹாஃப் லைஃப் என்ற கணினி விளையாட்டின் அடையாளமும் அதுவே. பேட்ஜை மட்டும் வைத்து உங்கள் மகளைப் பற்றி எந்த முடிவுக்கும் வர இயலாது.

நீங்கள் அஞ்சும் பொருளே அதற்கு இருந்தாலும் அதில் குற்றம் ஏதுமில்லை. வயது வந்தோர் மனமொத்து வாழும் தன்பாலுறவு குற்றமன்று என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த ஆணையையும் தெரிந்துகொள்ளுங்கள். இத்தகைய இணையரைக் காணவில்லை என்று புகார் வந்தாலும், அவர்கள் வயது வந்தவர்கள் என்றும் விரும்பியே சேர்ந்து வாழ்கிறார்கள் என்றும் தெரிந்தால், போலீஸார் தொல்லை தராமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்றார். இதைப் புரிந்துகொள்ளத் தாமே உளவியல் ஆலோசகரிடம் அமர்ந்து பேசியதாகவும் அந்த நீதிபதி வெளிப்படையாக எழுதினார். ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளுக்கும் அந்த ஆணை தடை விதித்தது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. எனவே மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் டாக்டர் எவரிடமும் அவரை அழைத்துப் போகாதீர்கள். பேட்ஜ் எதற்கு என்று மகளிடமே கேளுங்கள். கேட்கும்போது நாத்தனார் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.