பெரியம்மாவின் இருமல்

ஐயா,

நான் குன்னூர்க்காரன், எம்.எஸ்சி. வேதியியல். கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தைலத்தை ஹெக்சேன் என்ற கரைப்பானில் கலந்து, கலவையைப் பிரித்து ஒவ்வொரு பொருளையும் அடையாளம் காட்டும் ஜி.சி.-எம்.எஸ். கருவியில் ஓட்டினேன். முதல் 3 நிமிடம் டிடெக்டர் அணைந்திருந்தது. 34 சேர்மங்களின் பெயர்கள் வந்தன, அவற்றில் சினியோல்தான் அதிகம். ஆனால் எங்கள் ஊரில் தைலம் காய்ச்சும் கொட்டகையின் நெடி அந்தப் பட்டியலில் இல்லை. மூடிய புட்டிக்குள் மேலே நிற்கும் ஆவியை மட்டும் எடுத்து ஓட்டும் ஹெட்ஸ்பேஸ் முறைக்கு மாற வேண்டுமா? அந்நிய மரத்தில் என்ன ஆராய்ச்சி என்று நண்பன் வேறு கேட்கிறான்.

ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

நண்பனை விடுங்கள். 1843-இல் நீலகிரிக்கு வந்த மரம். சளி பிடித்தால் அவன் எதைத் தேய்க்கிறானாம்?

போன வாரம்தான் வீட்டில் ஒரு பழைய தைலப் புட்டியைத் திறந்து அதே நெடியைத் தேடினேன். கோத்தகிரிப் பக்கம் என் பெரியப்பா தைலம் காய்ச்சினார். செம்புக் கொப்பரையில் இலையையும் தண்ணீரையும் போட்டு மூடி, இடுக்கைக் களிமண்ணால் பூசித் தீ மூட்டுவார். ஆவி குழாய்வழியே ஓடைத் தண்ணீருக்குள் போய்க் குளிர்ந்து சொட்டும். முதல் சொட்டு விழும்போதே பெரியம்மா இரும ஆரம்பித்துவிடுவார். இருமிக்கொண்டே எங்களை வெளியே விரட்டுவார். கடைப் புட்டியில் அந்தக் காரம் கிடையாது.

அதன் பெயர் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது: ஐசோவலெரால்டிஹைடு. சினியோல் கொதிக்க 176 டிகிரி வேண்டும். இதற்கு 92 போதும். தைலத்தை மறுபடி வடித்துச் சுத்தம் செய்யும்போது இதை நீக்கிவிடுகிறார்கள்.

இப்போது உங்கள் 3 நிமிடத்துக்கு வருவோம். கரைப்பான் வெள்ளமாக வந்தால் கருவிக்குள் இருக்கும் சூடான இழை கருகிவிடும், அதனால் அணைக்கிறோம். சரி. ஆனால் பெரியம்மாவை இருமவைத்த சரக்கு ஹெக்சேனின் வாலைப் பிடித்துக்கொண்டே வெளியேறிவிடும். நீங்கள் கண்ணை மூடியிருந்த நேரத்தில் அது போய்விட்டது. பிறகு திறந்து பார்த்து, இல்லை என்கிறீர்கள்! இல்லை என்று எழுதுவது வேறு, பார்க்கவில்லை என்று எழுதுவது வேறு. ஆய்வேட்டில் எங்காவது அந்த 3 நிமிடத்தைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களா?

அப்புறம், கணினி நீட்டிய 34 பெயர்களையும் அப்படியே நம்பாதீர்கள். மோனோடெர்ப்பீன் என்ற மணப்பொருள் கூட்டத்தில் பைனீன், சபினீன் போன்ற பலவற்றுக்கும் மூலக்கூறு நிறை 136, கருவி வரையும் படத்தில் பெரிய கோடு 93. அண்ணன் தம்பி ஜாடை. அளவுகோலாக ஆல்கேன் (நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்) வரிசையையும் ஓட்டி, வெளிவரும் நேரத்தை ஒப்பிட்டுவிட்டுப் பெயர் வையுங்கள்.

ஹெட்ஸ்பேஸ் கேட்டீர்கள் அல்லவா? செய்யுங்கள். கரைப்பானே வேண்டாம், டிடெக்டரும் ஆரம்பத்திலிருந்தே விழித்திருக்கலாம். ஆனால் இலையை மட்டும் வைத்து ஓட்டாதீர்கள். கொட்டகைக்குப் போய் முதல் சொட்டுகளைச் சின்னப் புட்டியில் பிடித்து, இறுக மூடி, ஐஸில் வைத்துக் கொண்டுவாருங்கள். பிடிக்கும்போது முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளுங்கள்.