பழைய ஆபரா பதிவுகளில் பாட்டும் நடிப்பும் ஏன் மிகையாகத் தெரிகின்றன?

ஆபரா என்பது வசனத்தையும் பெரும்பாலும் பாடியே நடத்தும் மேடை நாடகம். பழைய பதிவுகளில் அந்த நடிப்பு மிகையாகத் தெரியக் காரணம், பாடகர்கள் நடித்தது கேமராவுக்காக அல்ல என்பதுதான். மைக் இல்லாமல், முழு இசைக்குழுவையும் தாண்டி, 2000 பேருக்கு மேல் உட்காரும் அரங்கின் கடைசி வரிசைக்குக் குரல் போக வேண்டும். முகபாவமும் அங்கே எட்ட வேண்டும். தெருவில் நின்று மூன்றாம் மாடியில் இருப்பவரைக் கூப்பிட்டால் கையும் முகமும் தானாகப் பெரிதாகும் இல்லையா? அதையே பக்கத்தில் நின்று பார்த்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் இதுவும்.

குரல் எட்டுவது வெறும் சத்தத்தால் அல்ல. இசைக்குழுவின் வலு குறைந்திருக்கும் 3000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் பக்கம் குரலைக் கூர்மையாக்க, குறிப்பாக ஆண் பாடகர்கள், பழகியிருப்பார்கள்.

1964-இல் லண்டன் கோவென்ட் கார்டன் ஆபரா அரங்கில் பாடகர்கள் மரியா காலஸும் டிட்டோ கோபியும் நடித்த 'டோஸ்கா' ஆபராவின் இரண்டாம் அங்கப் பதிவை அவசியம் பாருங்கள். மேசையில் கத்தி கண்ணில் பட்டதும் காலஸ் அப்படியே நின்றுவிடுவார். அந்த இடத்தில் துளி மிகையும் இல்லை.

அப்புறம், பழைய ஆபரா பதிவுகள் எல்லாமே பின்னணிக் குரலுக்கு வாயசைத்தவை என்று பலர் நினைக்கிறார்கள்: 1953-இன் 'ஐடா' ஆபரா படத்தில் பாடகி ரெனாட்டா டெபால்டி பாட, நடிகை சோபியா லோரன் வாயசைத்தது உண்மை, ஆனால் இந்த டோஸ்கா மேடையில் நேரடியாகப் பாடப்பட்டது.