ஜீன் பேக்கேஜுக்கு முன்னால் உப்பைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் குழந்தை பிறந்து ஆறு நாள் ஆகிறது. பிறப்புறுப்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விரை இரண்டு பக்கமும் கைக்குத் தட்டுப்படவில்லை என்றார். குரோமோசோம் முடிவு வர மூன்று வாரம் ஆகுமாம். அதற்குள் ஆய்வகத்து ஆள் ஒருவர் வந்து, பாலினத்தைத் தீர்மானிக்கும் எல்லா ஜீன்களையும் பார்த்துவிடலாம், 60,000 ரூபாய் என்கிறார். கட்டலாமா? கர்ப்பத்தில் என் மனைவி சாப்பிட்டது எதுவும் காரணமா என்று அம்மா கேட்கிறார்.
– வாசகர், பெரம்பூர்

பதில்: தம்பி, இப்போது பணம் கட்டாதீர்கள். மருத்துவரிடம் இன்றைக்கே இதைக் கேளுங்கள்: குழந்தையின் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் என்ற உப்புகளும் சர்க்கரையும் பார்த்தாயிற்றா? 17-ஹைட்ராக்ஸி புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்கு ரத்தம் எடுத்தாயிற்றா? இல்லையென்றால் இன்றே எடுக்கச் சொல்லுங்கள். ஆணா பெண்ணா என்ற கேள்வி மூன்று வாரம் பொறுக்கும். இது பொறுக்காது.

பிறப்புறுப்புக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம்? கரு உருவாகி ஐந்தாவது வாரத்தில், சிறுநீரகம் வரப்போகும் இடத்தை ஒட்டி ஒரு சின்ன மேடு எழும்புகிறது. எஸ்எஃப்1 என்ற ஜீன் வேலை செய்யும் அந்தத் திசுவிலிருந்துதான் விரையோ சூலகமோ வருகிறது. சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் வெளிப்பகுதியும் அங்கிருந்தே பிரிந்து போகிறது. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆறாவது வாரம்வரை அந்த மேடு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரிதான். அப்புறம் ஒய் குரோமோசோமில் இருக்கும் எஸ்ஆர்ஒய் ஜீன் சில நாட்களில் உச்சத்துக்குப் போய், சாக்ஸ்9 என்ற இன்னொரு ஜீனை எழுப்பிவிடும், விரை உருவாகும். எஸ்ஆர்ஒய் இல்லாவிட்டால் வின்ட்4, ஃபாக்ஸ்எல்2 போன்ற ஜீன்கள் மேலோங்கிச் சூலகம் உருவாகும்.

இதெல்லாம் கருவுக்குள், அந்தத் திசுவுக்குள் நடந்து முடிந்த கதை. இன்று ரத்தத்தில் செய்யும் ஜீன் சோதனை, வீட்டில் அரிசி இருந்ததா என்று சொல்லும். அன்றைக்கு உலை வைத்தார்களா, அதாவது அந்த ஜீன் அன்று வேலை செய்ததா என்று சொல்லாது. பேக்கேஜ் விற்க வருபவர் இதை உங்களிடம் சொல்ல மாட்டார்.

விரை தட்டுப்படாத குழந்தையில் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது அட்ரீனல் கோளாறைத்தான். குரோமோசோம் பெண்ணுக்குரிய எக்ஸ்எக்ஸ், சூலகமும் கருப்பையும் ஒழுங்காக இருக்கும். 21-ஹைட்ராக்ஸிலேஸ் என்ற நொதி குறைவதால் அட்ரீனல் ஆண் ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்து, வெளி உறுப்பின் உருவத்தை மாற்றிவிடும். இதில் ஒரு வகையில் அட்ரீனலின் இன்னொரு வேலையும் கெட்டு, உடம்பு உப்பைப் பிடித்துவைக்காது. முதல் மூன்று வாரத்துக்குள் குழந்தை பால் குடிக்க மறுக்கும், வாந்தி எடுக்கும், எடை ஏறாது, துவண்டுவிடும். உயிரே போகலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கோளாறுள்ள சில பெண் குழந்தைகளின் உறுப்பு அச்சு அசலாக ஆண் குழந்தையுடையது போலவே இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது, 'பையன்' என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படி ஒரு குழந்தை பதினான்காம் நாள் என்னிடம் வந்தது. வீட்டில் வசம்பு உரசிக் கொடுத்திருக்கிறார்கள், கிரைப் வாட்டர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நர்சிங் ஹோமில் இரண்டு முறை 'பால் ஒத்துக்கொள்ளவில்லை' என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். விரைப்பையை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. மயிரிழையில் பிழைத்தது. குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாலே முன்கூட்டித் தெரிந்துவிடும் நோய் இது. அந்தச் சோதனை நம் நாட்டில் இன்னும் எல்லாக் குழந்தைக்கும் கட்டாயம் இல்லை என்பதை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

பேக்கேஜ் விஷயத்துக்கு வருகிறேன். நான் சொன்ன 21-ஹைட்ராக்ஸிலேஸ் நொதிக்கான ஜீனுக்குப் பக்கத்திலேயே, ஏறக்குறைய அதே எழுத்துகளோடு, வேலை செய்யாத போலி ஜீன் ஒன்று இருக்கிறது. பொதுவான ஜீன் சோதனை இரண்டையும் குழப்பிக்கொண்டு 'கோளாறு இல்லை' என்று அறிக்கை தந்துவிடலாம். ஜீன் சோதனை பின்னால் தேவைப்படலாம். எந்தச் சோதனை என்பதை மருத்துவர் எழுதித் தரட்டும், ஏஜென்ட் அல்ல.

அடுத்து, 'சீக்கிரம் ஆபரேஷன் பண்ணி ஒரு முடிவுக்குக் கொண்டு வந்துவிடலாம்' என்று ஒருவர் வருவார். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்து, அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு ஆணையும் போட்டது: உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, இப்படிப்பட்ட பச்சைக் குழந்தைகளுக்குப் பாலினத்தை மாற்றும் அறுவை சிகிச்சை கூடாது. ஆணை வந்து இத்தனை வருடம் ஆகியும் வார்டு வாசலில் ஆள் நிற்கிறான். வெளிமாநிலத்துக்கு வரச் சொன்னாலும் போகாதீர்கள்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யும்போது பெயரைக் காலியாக விடலாம். ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். பெயருக்காக யாரும் அவசரப்படுத்தினால் இதைச் சொல்லுங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: இந்த அட்ரீனல் நோயாக இருந்தால் அது சாப்பாட்டால் வந்ததில்லை, கிரகணத்தாலும் இல்லை. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் ஒவ்வொன்று வந்து சேர்ந்தால்தான் வரும். உங்கள் மனைவி மேல் பழி போட இதில் இடமே இல்லை. அடுத்த குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதால் அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே வந்து பேசுங்கள்.

குழந்தை பால் குடிக்காமல் துவண்டால் நள்ளிரவானாலும் கிளம்புங்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை பெரம்பூரிலிருந்து தூரமில்லை. போனதும் 'விரை தட்டுப்படவில்லை, உப்பு பாருங்கள்' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.