ஆறு நாளில் நாலு நாடு வேண்டாம், இஸ்ட்ரியா போதும்

கேள்வி: மகள் மியூனிக்கில் வேலை பார்க்கிறாள். வரும் அக்டோபரில் நானும் கணவரும் மூன்று வாரம் அவளோடு தங்கப் போகிறோம். நடுவில் ஆறு நாள் அவளுக்கு லீவு. ‘ஆறு நாளில் நாலு நாடு’ டூர் போகலாம் என்கிறாள். எனக்கோ ஒரு சின்னப் பகுதியில் நிதானமாகத் தங்கி, அந்த ஊர்ச் சாப்பாட்டையும் பழமையையும் பார்க்க ஆசை. கணவர் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவார். எங்கே போகலாம்?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் ஆசைதான் சரி. நாலு நாட்டு டூரில் பாதிப் பொழுது பஸ்ஸிலேயே போய்விடும். ஆறு நாளையும் இஸ்ட்ரியாவுக்குக் கொடுங்கள்.

குரோஷியாவின் வடமேற்கு மூலையில், ஏட்ரியாட்டிக் கடலுக்குள் முக்கோணமாக இறங்கும் தீபகற்பம் அது. மியூனிக்கிலிருந்து காரில் ஆறேழு மணி நேரம். வழியில் ஆஸ்திரியா, ஸ்லோவேனியா நெடுஞ்சாலைகளுக்கு ‘விக்னெட்’ என்ற சாலைக் கட்டண அனுமதியை வாங்கிவிடச் சொல்லுங்கள். 2023 ஜனவரியில் குரோஷியா ஷெங்கனிலும் யூரோவிலும் சேர்ந்துவிட்டது. அதனால் ஜெர்மனிக்கு எடுக்கும் ஷெங்கன் விசாவிலேயே போகலாம், பணம் மாற்றும் வேலையும் இல்லை.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். கடற்கரையில் அறை போடாதீர்கள். உள்நாட்டில், பாஸின் அல்லது மோட்டோவுன் பக்கம், ‘அக்ரோடூரிஸம்’ என்று பலகை வைத்த பண்ணை வீடு ஒன்றைப் பிடித்து எல்லா இரவும் அங்கேயே தங்குங்கள். தங்கவும் இடம் தந்து, தங்கள் நிலத்து விளைச்சலில் சமைத்தும் போடுகிற வீடுகள் இவை. கடல் எங்கும் போய்விடாது, ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடலாம்.

ஏன் இந்த இடம் என்றால், அங்கே வரலாற்றைத் தட்டிலேயே பார்க்கலாம். 1910-இல் இஸ்ட்ரியாவில் பிறந்த ஒருவர் வீட்டை விட்டு நகராமலே நாலு நாட்டில் வாழ்ந்திருப்பார். ஆஸ்திரியா-ஹங்கேரி, பிறகு இத்தாலி, பிறகு யுகோஸ்லாவியா, 1991-க்குப் பிறகு குரோஷியா. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலிய மொழி பேசியவர்களில் பெரும்பாலோர் ஊரை விட்டே போனார்கள். அந்த வலி இன்னும் ஆறவில்லை. பல ஊர்ப் பெயர்ப் பலகைகள் இன்றும் குரோஷியன், இத்தாலியன் இரண்டிலும் இருக்கின்றன. அதேபோல ஒரே மேஜையில் பாஸ்தாவும் இருக்கும், புளித்த முட்டைக்கோஸும் இருக்கும், ஆஸ்திரியப் பாணி ஆப்பிள் ஸ்ட்ரூடலும் வரும்.

கணவரின் சாப்பாட்டுக்கு வருவோம். ‘ஃபூஷி’ என்று ஒன்று உண்டு. முட்டை சேர்த்த மாவைச் சதுரமாக வெட்டி, மெல்லிய குச்சியில் சுற்றி, இரண்டு முனையை ஒட்டி எடுக்கும் பாஸ்தா. ‘ப்ளுகான்ட்ஸி’ உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுவது, இரு முனையும் கூராக இருக்கும். இரண்டையும் காளானோடும் சீஸோடும் கேட்டு வாங்கலாம். ‘மனேஷ்த்ரா’ என்ற பீன்ஸ் சூப்பில் மட்டும் கவனம் வேண்டும். பார்க்கச் சைவமாக இருக்கும், ஆனால் பன்றி எலும்பு போட்டுக் கொதிக்க வைப்பது வழக்கம். ‘பெஸ் மேசா’ என்றால் இறைச்சி இல்லாமல். மீனை இறைச்சியில் சேர்க்காதவர்கள் நிறைய, அதனால் ‘பெஸ் ரீபே’ என்று மீனும் வேண்டாமென்று தனியாகச் சொல்லுங்கள். அறை பதியும்போதே எழுதிவிட்டால் சமைக்கிறவருக்கும் சங்கடம் இல்லை.

அப்புறம், அக்டோபர் வெள்ளை ட்ரஃபிள் காலம். மோட்டோவுன் மலைக்குக் கீழே, மிர்னா ஆற்றோரக் காட்டில் மண்ணுக்கடியில் விளையும் பூஞ்சை இது. பழக்கிய நாய்கள் மோப்பம் பிடித்துத் தோண்டும். நாயோடு காட்டுக்குள் கூட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு காலைப் பொழுதை அதற்குக் கொடுக்கலாம். வெள்ளை ட்ரஃபிளைச் சமைப்பதில்லை. சூடான ஃபூஷி மேலோ, ‘ஃப்ரிதாயா’ என்ற முட்டைப் பொரியல் மேலோ பச்சையாகச் சீவிப் போடுவார்கள். விலை அதிகம்தான், ஆனாலும் ஒரு வேளையாவது சாப்பிடுங்கள். கடையில் பாட்டிலில் விற்கும் ட்ரஃபிள் எண்ணெயை மட்டும் வாங்காதீர்கள். பெரும்பாலும் செயற்கை வாசனைதான்.

பழமையில் நீங்கள் தவறவிடக் கூடாதது பாஸினுக்குப் பக்கத்தில் பெராம் என்ற சிற்றூர். ஊருக்கு வெளியே மரங்களுக்கு நடுவில் ஒரு சின்ன மாதா கோயில். 1474-இல் காஸ்டாவ் ஊர் வின்சென்ட் என்ற ஓவியரும் உதவியாளர்களும் அதன் சுவர்களை நிறைத்திருக்கிறார்கள். வாசலுக்கு மேலே ‘சாவின் நடனம்’. எலும்புக்கூடுகள் ஒவ்வொன்றும் ஒரு மனிதரைக் கைப்பிடித்து அழைத்துப் போகின்றன. போப், கார்டினல், ராஜா, ராணி, சத்திரக்காரர், ஒரு குழந்தை. வரிசையில் ஒரு வணிகர் மேஜை மேல் இருக்கும் தன் பணத்தைக் காட்டிப் பேரம் பேசுகிறார். அந்தப் பணத்தைச் சாவு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அரைமணி நேரமாவது அங்கே நில்லுங்கள். கோயில் பூட்டியிருக்கும், சாவிக்கு ஊருக்குள் கேட்க வேண்டும். தங்கும் வீட்டாரை முதல் நாளே போன் செய்து ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

பாட்டு கேட்க வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். இருவர் சற்று மூக்கால் பாடும் இஸ்ட்ரியப் பாட்டு முறையை 2009-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அதன் ஸ்வர இடைவெளிகள் பியானோ கட்டைகளில் அடங்காது. கூடவே ‘சோபெலே’ என்ற குழல், பெரியதும் சிறியதுமாக ஜோடியாக ஒலிக்கும். நம் நாகஸ்வரத்தின் சீவாளி போலவே அதற்கும் இரட்டை நாக்கு. முதலில் காதுக்குக் கரகரப்பாக இருக்கும், இரண்டாவது பாட்டில் பிடித்துவிடும்.

கடற்கரைக்கு ஒரு பகல் போதும். போரெச்சில் ஆறாம் நூற்றாண்டு யூஃப்ரேசியஸ் பேராலயத்தின் தங்க மொசைக்கைப் பாருங்கள், நேரமிருந்தால் பூலாவின் ரோமானிய அரங்கத்தையும்.

தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் மாதக் கடைசியாகப் பாருங்கள். ஆலிவ் பறிப்பு அப்போது மும்முரமாக இருக்கும், எண்ணெய் ஆலைகள் ராத்திரியிலும் ஓடும். வீட்டாரிடம் சொன்னால் கூட்டிப் போவார்கள். அன்று பிழிந்த எண்ணெய் பச்சைப் பசேலென்று இருக்கும், தொண்டையில் மிளகு போலக் காரும். சுட்ட ரொட்டியில் ஊற்றி உப்புத் தூவித் தருவார்கள், உங்கள் கணவர் எதையும் விசாரிக்காமல் சாப்பிடலாம்.