விருதுக்கு முன்னால் பெயரைக் கொடுங்கள்

கேள்வி: பொதுச் சுகாதாரமும் சமூக அறிவியலும் சேர்ந்து இயங்கும் ஓர் ஆய்வு மையத்தின் பொறுப்பில் இருக்கிறேன். எங்களிடம் வரும் இளம் ஆய்வாளர்கள் நன்றாக உழைக்கிறார்கள்; ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆராய்ச்சியையே விட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களை ஊக்கப்படுத்த ஆண்டுதோறும் 'சிறந்த இளம் ஆய்வாளர்' விருது வழங்க நினைக்கிறோம். 35 வயது வரம்பு, வெளியான கட்டுரைகளின் எண்ணிக்கை, ஆய்விதழின் தரம் ஆகியவற்றை வைத்துத் தேர்ந்தெடுக்கலாமா? பரிசாக என்ன தரலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

விருதைத் தாராளமாகத் தொடங்குங்கள். ஆனால் அவர்கள் போவதற்குக் காரணம் விருது இல்லாமைதான் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் மையத்திலிருந்து கடைசியாக வெளிவந்த சில கட்டுரைகளை எடுத்து மேசையில் பரப்புங்கள். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவர் யார், ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தில் கொண்டுவந்தவர் யார், தரவில் கிடந்த பிழைகளைக் களைந்தவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெயர் தலைப்புக்குக் கீழே இருக்கிறதா, கடைசிப் பக்கத்து நன்றியுரையில் ஒதுங்கிக் கிடக்கிறதா?

ஒரு மணி நேர நேர்காணலைச் சொல் விடாமல் எழுத்தாக்க நான்கு மணி நேரமாவது பிடிக்கும். நோயாளி எந்த இடத்தில் பேச்சை நிறுத்தினார், உடனிருந்த உறவினர் வெளியே போனதும் எந்தப் பதிலை மாற்றிச் சொன்னார் என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்திருந்தவருக்குத்தான் தெரியும். அட்டவணையில் ஏறாத இந்த அறிவு இல்லாமல் உங்கள் கட்டுரையின் முடிவுரையை எழுதியிருக்கவே முடியாது.

"தரவு திரட்டியவர்தானே, ஆசிரியர் ஆகிவிடுவாரா?" என்று மூத்தவர்கள் கேட்பார்கள். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு இதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆய்வை வடிவமைப்பதிலோ, தரவைத் திரட்டுவதிலோ, பகுத்தாய்வதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதவோ ஆழமாகத் திருத்தவோ வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். ஆய்வுக்குப் பொறுப்பேற்க வேண்டும். பலரும் இத்தோடு வாசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். முதல் நிபந்தனையை நிறைவு செய்தவருக்குக் கட்டுரையை எழுதவும் திருத்தவும் இறுதி ஒப்புதல் தரவும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றும் அதே விதிமுறை சொல்கிறது. வரைவையே கண்ணில் காட்டாமல் வைத்திருந்துவிட்டு, "அவர் எழுதவில்லையே" என்று பெயரை நீக்குவது அநியாயம். அந்த விதியைக் காட்டியே அதைச் செய்வது அதைவிடப் பெரிய அநியாயம்.

இதில் பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். ஏற்கெனவே புகழ் பெற்றவருக்கே மேலும் புகழ் போய்ச் சேர்கிறது என்பதை 'மத்தேயு விளைவு' என்ற பெயரில் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968-இல் விளக்கினார். அதற்கு ஆதாரமான நேர்காணல்கள், நோபல் பரிசு பெற்றவர்களைச் சந்தித்து ஹாரியட் ஸக்கர்மேன் என்ற இளம் ஆய்வாளர் திரட்டியவை. கட்டுரையோ மெர்ட்டன் பெயரில் மட்டுமே வந்தது. அது இருவர் பெயரிலும் வந்திருக்க வேண்டும் என்று 1973-இல் மெர்ட்டனே எழுதினார். பெருந்தன்மைதான். ஆனால் வாழ்க்கையின் தொடக்கத்தில் இருப்பவருக்கு ஐந்து ஆண்டுகள் என்பது மிக நீண்ட காலம்.

இன்சுலின் கண்டுபிடிப்பில் நடந்தது வேறு. 1921-இல் ஃபிரெடரிக் பாண்டிங்குடன் சோதனையில் இறங்கியபோது அவருடைய மாணவ உதவியாளர் சார்லஸ் பெஸ்ட்டுக்கு வயது 22. நோபல் பரிசு 1923-இல் பாண்டிங்குக்கும், ஆய்வகத்தின் தலைவர் மெக்லியாடுக்கும் அறிவிக்கப்பட்டது. பெஸ்ட்டின் பெயர் அதில் இல்லை. பாண்டிங் கொஞ்சமும் தாமதிக்காமல், தன் பங்குத் தொகையில் பாதி பெஸ்ட்டுக்கு என்று அறிவித்தார். மெக்லியாடும் தன் பங்கை, இன்சுலினைத் தூய்மைப்படுத்திக் கொடுத்த ஜேம்ஸ் காலிப்புடன் பகிர்ந்துகொண்டார். தலைமையில் இருப்பவர் அன்றைக்கே வாயைத் திறக்க வேண்டும் என்று நான் சொல்வது இதைத்தான்.

இனி உங்கள் விருது. 35 வயது வரம்பை விட்டுவிடுங்கள். செவிலியராகவோ சமூகப் பணியாளராகவோ பத்தாண்டு வேலை பார்த்துவிட்டு ஆராய்ச்சிக்கு வருபவர்கள் உங்கள் துறையில் நிறையப் பேர். முனைவர் பட்டம் பெற்று எத்தனை ஆண்டு என்று கணக்கிடுங்கள். மகப்பேறு, நோய், வீட்டாரைப் பராமரித்தல் ஆகியவற்றுக்காக விலகியிருந்த காலத்தை அதில் கழித்துவிடுங்கள்.

கட்டுரைகளின் எண்ணிக்கை உங்கள் மையத்துக்குச் சற்றும் ஒத்துவராது. மருத்துவப் புள்ளிவிவரம் பார்ப்பவர் ஒரே ஆண்டில் பல கட்டுரைகளில் பெயர் பெறலாம். ஒரு சமூகத்தோடு ஆண்டுக்கணக்கில் தங்கி ஆய்பவர் அதே காலத்தில் ஒன்றை முடித்தாலே அதிகம். இருவரையும் ஒரே தராசில் நிறுத்தினால் யார் தோற்பார் என்பது விண்ணப்பம் வருவதற்கு முன்பே தெரியும். ஆய்விதழின் தாக்கக் காரணியை, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணை, வைத்துத் தனி மனிதரின் தகுதியை அளக்கக் கூடாது என்று 2012 இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்களும் பதிப்பாளர்களுமே பிரகடனம் எழுதினார்கள். ஆகவே விண்ணப்பத்தில் எண்களைக் கேட்காதீர்கள். "உங்கள் சிறந்த படைப்பு ஒன்றைத் தாருங்கள், அதில் நீங்கள் செய்தது என்ன, அதனால் யாருக்கு என்ன தெரியவந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள்" என்று கேளுங்கள். தேர்வுக் குழு அதைப் படித்தே ஆக வேண்டும். பட்டியலைப் புரட்டி மதிப்பெண் போட முடியாது.

நூலிழையில் தவறவிட்டவர்களைப் பற்றி யாருமே யோசிப்பதில்லை. எனக்கு உள்ளபடியே கவலை தருவது அதுதான். நெதர்லாந்தில் இளம் ஆய்வாளர்களுக்கான நிதிநல்கையை வைத்து ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. வெட்டுக்கோட்டுக்குச் சற்று மேலே இருந்தவர்கள், சற்றுக் கீழே இருந்தவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான ஆராய்ச்சி நிதியை அடுத்த எட்டு ஆண்டுகளில் பெற்றிருந்தார்கள். இரு தரப்புக்கும் திறமையில் பெரிய வேறுபாடு இல்லை; தோற்றவர்களில் பலர் அடுத்த போட்டிக்கு விண்ணப்பிக்காமலே நின்றுவிட்டதும் அந்த இடைவெளிக்கு ஒரு காரணம். அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களின் நல்கையை மயிரிழையில் இழந்தவர்களைப் பற்றி 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் ஒரு பகுதியினர் களத்தை விட்டே போனார்கள். விடாமல் நின்றவர்களோ, அன்று நூலிழையில் நல்கையை வென்றவர்களையே பிற்பாடு மிஞ்சினார்கள். உங்கள் ஒற்றை விருது ஒருவரைத் தூக்கிவிட்டு நால்வரை வெளியே அனுப்பினால் மையத்துக்கு நட்டம்தானே? இறுதிச் சுற்று வரை வந்த ஒவ்வொருவருக்கும் குழுத் தலைவர் கையொப்பமிட்டு ஒரு கடிதம் எழுதட்டும்: படைப்பில் எது வலுவாக இருந்தது, எதைச் சேர்த்தால் மெருகேறும், அடுத்த ஆண்டு கட்டாயம் விண்ணப்பியுங்கள் என்று. அச்சடித்த வருத்தச் செய்தி வேண்டாம்.

பரிசாகக் கேடயம் தருவதில் தவறில்லை, ஆனால் அதனால் வேலை நிலைக்காது. உங்கள் இளைஞர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் என்றால், அடுத்த திட்டம் வரும் வரை சில மாதச் சம்பளத்தையும், களத்துக்கு அனுப்பாமல் எழுதுவதற்கு மட்டும் விட்டுவைத்த நேரத்தையும் பரிசாக்குங்கள். அறிவிப்பை ஒப்பந்தம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே வெளியிடுங்கள். அவர்கள் வேறு வேலை தேடத் தொடங்குவது அந்தச் சமயத்தில்தான்.