கடைசிப் பிரிவே எப்போதும் உங்களுக்கு வந்தால்

டீச்சர், மூன்று ஆண்டாக ஒன்பதாம் வகுப்பின் கடைசிப் பிரிவு, அதாவது படிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் இருக்கும் பிரிவு, உங்களுக்கே வருகிறது, பத்தாம் வகுப்பு ஒருவரிடமே இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அம்பாசமுத்திரம் பக்கம் வேலை பார்த்தபோது எனக்கும் இதே நிலைதான். பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகள் நிறைய. அம்மாவுக்கு இலை வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் புத்தகத்தை எடுப்பார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை. சுமை ஒருவர் தலையிலேயே விழுவதுதான் வலித்தது.

ஆசிரியர் அறையில் புலம்பிப் பலனில்லை. மூன்று ஆண்டு கால அட்டவணையையும் ஒரே தாளில் எழுதினேன்: யாருக்கு எந்த வகுப்பு, வாரம் எத்தனை பாடவேளை, எத்தனை பிள்ளைகள். ஏப்ரலில், தேர்வு முடிந்த கையோடு தலைமையாசிரியரிடம் தனியாகக் காட்டினேன். ஜூனில் கேட்டால் அட்டவணை ஒட்டியாகிவிட்டது என்பார்கள். சக ஆசிரியரைக் குறை சொல்லாமல், சுழற்சி முறை வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். எழுத்திலும் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அடுத்த ஆண்டே பத்தாம் வகுப்பில் ஒரு பிரிவு கிடைத்தது.