தங்கைக்குப் பெயர் இல்லையா?

கேள்வி: எனக்கு வயது 31. பள்ளி நாட்களில் சுற்றுலாவாகச் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டல ஓவியர் கிராமத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஓர் ஓவியத்தின் முன் நின்ற அன்றே, வாழ்ந்தால் ஓவியனாகத்தான் வாழ்வது என்று முடிவு செய்துவிட்டேன். பிறகு கவின் கலைக் கல்லூரியில் படித்தேன். அந்தக் கிராமத்தை உருவாக்கிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர்தான் என் ஆதர்சம். அவரைப் போல ஆயுள் முழுவதையும் கலைக்கே கொடுக்க விரும்புகிறேன். பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியர் வேலை வந்தது. மனநிலை கெட்டுவிடும் என்று மறுத்துவிட்டேன். அப்பா இல்லை. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் தங்கை வீட்டையும் என் வண்ணச் செலவையும் பார்த்துக்கொள்வதால் பணக்கவலை இல்லை. ஆனால் அம்மா தினமும் புலம்புகிறார். ஓவியர் வின்சென்ட் வான்காவை அவர் தம்பி தியோ தாங்கவில்லையா? ஒரு கலைஞனின் மனத்தை அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது?
— பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: தம்பி, அம்மாவுக்கு எல்லாம் நன்றாகவே புரிந்திருக்கிறது. அதனால்தான் புலம்புகிறார்.

உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்திலும் ஓவியர்களின் பெயர்களுக்குக் குறைவில்லை. தங்கைக்கு ஒரே ஒரு வாக்கியம். அதில் அவள் பெயர் இல்லை, வயது இல்லை, என்ன படித்தாள் என்பது இல்லை. 'பணக்கவலை இல்லை' என்று முடித்துவிட்டீர்கள். யாருக்கு இல்லை? ஒரு டியூப் எண்ணெய் வண்ணம் அவளுடைய எத்தனை மணி நேரச் சம்பளம் என்று எப்போதாவது கணக்குப் போட்டதுண்டா? கணக்கு எழுதுவது அவள் தொழில். அவள் போட்டிருப்பாள், உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. கவிதை எழுதும் அண்ணன், சினிமா வாய்ப்புக்காகக் காத்திருக்கும் தம்பி என்று ஆள் மாறும். பின்னால் நின்று சம்பளக் கவரைக் கொண்டுவந்து கொடுக்கும் பெண் மட்டும் மாறுவதே இல்லை.

ஆதர்சம் என்று பணிக்கரைச் சொல்கிறீர்கள். அவர் வாழ்க்கையை ஒழுங்காகப் படித்திருந்தால் அவர் பெயரை இந்தக் கடிதத்தில் எழுதக் கை வந்திருக்காது. 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். கேரளக் கிராமத்தின் கால்வாய்களையும் தென்னைகளையும் பார்த்துப் பார்த்துச் சிறுவயதிலேயே நிலக்காட்சி வரையத் தொடங்கியவர். 17 வயதிலேயே சென்னைக் கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. உங்களைப் போலவே அவருக்கும் சிறுவயதில் பற்றிக்கொண்ட ஆசைதான். தந்தை இறந்ததும் அவர் என்ன செய்தார் தெரியுமா? படிப்பை விட்டுவிட்டு, குடும்பத்துக்காகத் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் அவர் மாணவராக நுழைந்தது 1936-ல்தான். பிறகு அதே பள்ளியில் ஆசிரியர், அப்புறம் முதல்வர். பல ஆண்டுகள் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர் அவர். எழுத்துகளும் எண்களும் கட்டங்களும் ஜாதகச் சுவடிபோல நிறைந்திருக்கும் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை இருக்கிறதே, அவருக்கு நிலையான பெயர் தந்தது, அதைத் தொடங்கியது 1963-ல். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. முதல்வர் பதவியில்தான் இருந்தார். வேலை அவர் மனநிலையைக் கெடுத்ததாகத் தெரியவில்லை.

நீங்கள் மெய்ம்மறந்து நின்ற அந்த ஈஞ்சம்பாக்கத்துக் கிராமமும் யாரோ தானமாகக் கொடுத்ததல்ல. ஓவியப் படிப்பை முடித்தவர்கள் பிழைக்க வழியில்லாமல் தூரிகையைக் கீழே வைப்பதைப் பார்த்துத்தான் பணிக்கர் ஓவியர் கிராமம் என்ற யோசனைக்கு வந்தார். இளம் ஓவியர்கள் உருக்கிய மெழுகைத் துணியில் தீட்டி, சாயத்தில் முக்கி, பாத்திக் துணிகள் செய்தார்கள். கைவினைப் பொருட்கள் செய்தார்கள். அவற்றை விற்ற காசைச் சேர்த்து வாங்கியதுதான் அந்தக் கடற்கரை நிலம். 1966-ல் கிராமம் பிறந்தது. வயிற்றுக்குக் கைவினை, மனத்துக்கு ஓவியம் என்பதுதான் ஏற்பாடு. பள்ளிச் சுற்றுலாவில் சுவரில் மாட்டியிருந்ததை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

வான்கா கதைக்கும் வருகிறேன், அதை எல்லாரும் சொல்கிறார்கள். தியோ பாரிஸில் ஓவிய வணிக நிறுவனத்தில் இருந்தவர். படங்களை வாங்கி விற்பதே அவர் வேலை. வின்சென்ட் அவரிடம் சும்மா கைநீட்டிக்கொண்டிருக்கவும் விரும்பவில்லை. நீ அனுப்பும் பணத்துக்கு ஈடாக நான் வரைவதெல்லாம் உன்னுடையது என்று 1884-ல் அவரே ஏற்பாடு பேசினார். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் பெண்ணிடம் நீங்கள் அப்படி ஏதாவது பேசினீர்களா? அவள் சம்மதத்தையாவது கேட்டீர்களா?

தகப்பன் இல்லாத வீட்டில் மூத்த பிள்ளை தோள் கொடுக்க வேண்டும் என்பது பழைய நியாயம். பழையதுதான், நான் இன்னமும் அதை நம்புகிறேன். மூத்தது பெண்ணாக இருந்தாலும் இதையே சொல்வேன். உடம்பில் தெம்பும் கையில் படிப்பும் இருக்கிற 31 வயது ஆண், தன் தங்கையின் சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டு அதற்குக் கலை என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியாது. உங்கள் ஓவியம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

அந்தப் பள்ளிக்கு நாளைக்கே போய்க் கேளுங்கள். இடம் போய்விட்டிருந்தால் வேறு பள்ளி. அதுவும் இல்லையென்றால் உங்கள் ஊரைச் சுற்றித்தான் எத்தனை கோயில்கள்! திருப்பணி நடக்கும் இடங்களில் சுதைச் சிற்பங்களுக்கு வண்ணம் தீட்டத் தெரிந்த கை தேவைப்படும். மேஸ்திரியிடம் போய் நில்லுங்கள், கௌரவம் ஒன்றும் குறையாது.

முதல் சம்பளத்தைத் தங்கை கையில் கொடுங்கள். 'உன் கல்யாணத்துக்கு' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்பதை அவளே சொல்லட்டும். மேலே படிக்க வேண்டும் என்றால் அது முடியும்வரை வீட்டுச் செலவு உங்களுடையது. நீங்கள் இரவில் வரையுங்கள், ஞாயிற்றுக்கிழமை வரையுங்கள். கேன்வாஸுக்குக் காசு மிஞ்சாத மாதத்தில் சார்ட் தாளும் கரித்துண்டும் போதும்.